பிள்ளையின் கையில் யார் கொடுத்தது?

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருகிறேன். காலையில் மதரஸாவில் குர்ஆன். பகலில் உயர்நிலைப் பள்ளியில் அரபும் தமிழும். இத்தனை காலத்தில் என் முன் அமர்ந்து எழுந்து போன பிள்ளைகளின் முகங்கள் யாவும் நினைவில் நிற்பதில்லை. சிலருடைய குரல் மட்டும் நின்றுவிடும். அப்படி நின்றுவிட்ட குரலுக்குரிய பிள்ளை ஒருவனைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அவன் பெயரையும் ஊரையும் சொல்லப் போவதில்லை. அவன் செய்த பிழையைச் சொல்லும்போது நான் செய்த பிழையையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

2023ஆம் ஆண்டு மீலாதுத் திருநாள் செப்டம்பர் 28இல் வந்தது. மஃரிபு தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் திடலில் கூட்டம். கிராஅத் ஓதிக் கூட்டத்தைத் தொடங்கி வைப்பது சில ஆண்டுகளாக அந்தப் பிள்ளையின் பொறுப்பு. அவனுக்கு அப்போது 15 வயது. பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். அன்று ஒலிபெருக்கியில் இரண்டு முறை பெயர் சொல்லி அழைத்தும் அவன் வரவில்லை. வேறொரு பிள்ளையை ஓத வைத்தோம். வாலிபர்களின் கடமை என்னும் தலைப்பில் நான் ஒரு மணி நேரம் பேசினேன். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த நாளில் தமிழகம் எங்கும் மதுக்கடைகள் மூடப்பட்டிருப்பதையும் பெருமையோடு குறிப்பிட்டேன்.

கூட்டம் முடிந்து நார்ஸா வழங்கிக்கொண்டிருந்தார்கள். கண்மாய்க் கரையில் தோப்புக் காவல் இருக்கும் பெரியவர் என் அருகே வந்து காதோடு காதாகச் சொன்னார்:

“ஹஜ்ரத், நம்ம பிள்ளை ஒன்று கரையிலே விழுந்து கிடக்குது. சத்தம் போடாம வாங்க.”

சத்தம் போடாமல் போனேன். டார்ச் வெளிச்சத்தில் அவன் முகம் தெரிந்தது. மீலாதுக்கென்று தைத்த வெள்ளைச் சட்டை முழுவதும் வாந்தி. உடன் இருந்தவர்கள் பயந்து ஓடிவிட்டிருந்தார்கள். பெரியவர் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார். “மல்லாந்து கிடந்தா கக்கினது மூச்சை அடைச்சிரும்” என்றார். ஏட்டறிவு இல்லாத அந்த மனிதருக்குத் தெரிந்திருந்த இந்த ஒரு செய்தி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவன் உயிர் பிழைத்ததற்கு அல்லாஹ்வின் அருளுக்கு அடுத்தபடியாக அதுவே காரணம்.

ஆட்டோவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். உடல் சில்லிட்டிருந்தது. பெண் மருத்துவர் சோதித்துவிட்டு, இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டது என்று சொல்லிக் குளுக்கோஸ் ஏற்றினார். வளரும் பிள்ளையின் உடல் பெரியவர்களின் உடல் போன்றதன்று. பெரியவன் தூங்கி எழுந்துவிடக்கூடிய அளவே சிறுவனின் உயிரைக் குடித்துவிடலாம் என்று அவர் எனக்கு விளக்கினார். மூளையின் வளர்ச்சி இருபது வயதைக் கடந்தும் தொடர்கிறது என்பதும், இளவயதில் குடிக்கத் தொடங்கியவர்களே பிற்காலத்தில் அதற்கு அடிமையாவது மிகுதி என்பதும் மருத்துவ உலகம் நெடுநாளாகக் கண்டு சொல்லி வருவன. அந்த இரவில் என் உள்ளத்தில் இருந்ததோ வேறொரு கேள்வி. கடைகள் அனைத்தும் மூடியிருந்த நாளில் இவனுக்கு இது எப்படிக் கிடைத்தது?

மறுநாள் அவனுடைய கூட்டாளி ஒருவனைத் தனியே அழைத்து விசாரித்தேன். நோட்டுப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு விடை சொல்வதுபோல் அவன் சொன்னான். கடை மூடும் நாளுக்கு முந்தின நாளே சிலர் குவார்ட்டர் பாட்டில்களை வாங்கிப் பதுக்கி வைப்பார்களாம். விலை கூடுதல் என்பதைத் தவிர வேறு தடையில்லை. மற்ற நாட்களில் இன்னும் எளிது. வரிசையில் நிற்கும் யாரேனும் ஒரு பெரியவரிடம் பணத்தைக் கொடுத்து, மேலே பத்தோ இருபதோ கொடுத்தால் போதும். “எங்களை யாரும் வயசு கேக்கமாட்டாங்க சார். நாங்கதான் கடைக்கே போறதில்லையே” என்றான்.

சட்டம் ஒன்றும் ஊமையாக இல்லை. நம் மாநிலத்தில் 21 வயது நிரம்பாதவர்க்கு மது விற்கலாகாது என்பது விதி. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அதைவிடக் கடுமையாகப் பேசுகிறது. அதன் 77ஆம் பிரிவுப்படி, மருத்துவர் ஆணையின்றி 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மது கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அடுத்த பிரிவு, மதுவை விற்கவோ சுமந்து வரவோ ஒரு பிள்ளையைப் பயன்படுத்துவோருக்கும் அதே தண்டனையை விதிக்கிறது. வரிசையில் நின்று இருபது ரூபாய்க்கு வாங்கிக் கொடுக்கும் அந்த முகமறியாத மனிதருக்கு இது தெரியுமா? தெரிந்தவர்கள்தாம் அவரிடம் சொன்னோமா?

என் இளமைக் காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் அது தளர்த்தப்பட்டது. 1974இல் கடைகள் மீண்டும் மூடப்பட்டன. 1981இல் மீண்டும் திறக்கப்பட்டன. அப்போது எனக்கு 11 வயது. எங்கள் ஊர்ச் சாராயக் கடை களத்து மேட்டுக்கும் அப்பால் இருந்தது. அங்கே போகிறவர்கள் இருட்டிய பின் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போவார்கள். பிள்ளைகளாகிய நாங்கள் பகலில்கூட அந்தப் பக்கம் விளையாடப் போனதில்லை. பின்னர் 2003இல் சில்லறை விற்பனை முழுவதையும் அரசின் வாணிபக் கழகமே ஏற்றது. டாஸ்மாக் என்னும் சொல் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டது. கடை களத்து மேட்டைக் கடந்து சந்தைத் தெருவுக்கு வந்தது. ஆயினும் கண்ணியமானவர்கள் எனப்படுவோருக்கு அந்தத் தலைத்துண்டு மட்டும் போகவில்லை. வெட்கம் இன்னும் இருக்கிறது. அந்த வெட்கம் என்ன செய்கிறது என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

ஒரு வாரம் கழித்து அவனைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடியில் என்னோடு தனியே அமர்ந்திருந்தான். வெகுநேரம் பேசவில்லை. முதலில் எப்போது குடித்தாய் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் வேறொன்றைச் சொன்னான்.

“முதல்லே எனக்காக வாங்கலே, ஹஜ்ரத். அத்தாவுக்காகத்தான் வாங்கினேன்.”

அவனுடைய அத்தா ஜவுளி வணிகர். ஜும்ஆவில் முதல் ஸஃப்பில் நிற்பவர். மதரஸாக் கட்டடத்துக்கு அள்ளிக் கொடுத்தவர். அவர் கடை வரிசையில் நிற்க முடியுமா? நான்கு பேர் பார்த்துவிடுவார்களே! ஆகவே, மகன் கையில் பணத்தைக் கொடுத்து அனுப்பினார். மகன் வரிசையில் நின்ற ஒரு கூலித் தொழிலாளியிடம் கொடுத்தான். பாட்டில் புத்தகப் பையில் வீட்டுக்கு வந்தது. மீதிச் சில்லறையை நீயே வைத்துக்கொள் என்று அத்தா சொல்லிவிடுவாராம். அந்தச் சில்லறை சேர்ந்தபோது, வழியும் தெரிந்திருந்தது, ஆளும் தெரிந்திருந்தது. புதிதாகக் கற்றுக்கொள்ள அவனுக்கு எதுவும் மீதமில்லை.

அவன் சொல்லச் சொல்ல எனக்கு உடல் வியர்த்தது. காரணம், அவன் சொல்வதற்கு ஐந்தாறு மாதங்களுக்கு முன்பே நான் அவனைப் பார்த்திருந்தேன். ஒரு மாலைப் பொழுது, அஸருக்குப் பின் மளிகைக் கடைக்குப் போய்த் திரும்புகிறேன். மதுக்கடைக்கு எதிர்ச் சாரியில், மின் கம்பத்தின் மறைவில், புத்தகப் பையோடு நின்று யாருக்காகவோ காத்திருந்தான். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நானும் திருப்பிக்கொண்டேன். தலைப்பாகையும் தாடியுமாக அந்த இடத்தில் நின்று ஒரு பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தது. அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. விரைந்து நடந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனத்துக்கு ஓர் ஆறுதலும் தேடிக்கொண்டேன்: முஸ்லிமின் குறையை மறைப்பவனின் குறையை இறைவன் மறைப்பான் என்று நபிமொழி இருக்கிறதே!

கற்றவன் தன்னை ஏமாற்றிக்கொள்வதற்குக் கல்வியையே கருவியாக்கிக்கொள்வான் என்பதற்கு நானே சான்று. குறையை மறைப்பது என்றால், அதை ஊரில் பரப்பாமல், உரியவனிடம் தனியே சொல்லித் திருத்துவது. கண்ணை மூடிக்கொண்டு விலகிப் போவது அதில் சேராது. கம்ரு என்னும் அரபுச் சொல்லின் வேருக்கு மூடுதல் என்பது பொருள். பெண்களின் தலைத்துணியாகிய கிமாரும் அதே வேரில் பிறந்த சொல்தான். மதுவை அறிவை மூடும் பொருள் என்று மாணவர்களுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஒரு சொட்டும் அருந்தாமலேயே என் அறிவு அன்று மூடிக்கிடந்தது.

மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்த இரவு எனக்கு உறக்கமில்லை. பல்லாண்டுகளாகப் பாடம் நடத்திய ஒரு ஹதீஸை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். மது விலக்கப்பட்ட நாளில் நடந்ததை அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அனஸுக்குப் பத்து வயது. மதுவிலக்கு எந்த ஆண்டில் வந்தது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எதைக் கொண்டாலும் அவர் அப்போது பதின்பருவத்தைக் கடந்திருக்க முடியாது. அவருடைய தாயார் உம்மு ஸுலைம் (ரலி) அவர்களை மணந்திருந்தவர் அபூதல்ஹா (ரலி). அந்த வீட்டில் பெரியவர்கள் கூடியிருக்கிறார்கள். அபூ உபைதா (ரலி) இருக்கிறார்கள். குர்ஆன் ஓதுவதில் ஈடு இணையற்றவரான உபை இப்னு கஅபு (ரலி) அவர்களும் இருக்கிறார்கள். இருப்பவர்களில் இளையவரான அனஸ், பேரீச்சங்காயில் செய்த மதுவை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வெளியே அறிவிப்பாளரின் குரல் கேட்கிறது: மது விலக்கப்பட்டுவிட்டது! உடனே அபூதல்ஹா, எழுந்து அதைக் கொட்டிவிடுமாறு அனஸிடம் சொல்கிறார்கள். அவர் கொட்டினார். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது.

இந்த வரலாற்றை எத்தனையோ ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். இறை ஆணைக்கு அந்த மக்கள் உடனே பணிந்ததை வியந்து பேசியிருக்கிறேன். ஜாடியைப் பிடித்திருந்தது ஒரு பிள்ளையின் கை என்பதை மட்டும் நின்று பார்த்ததில்லை. அங்கே யாரும் அந்தப் பிள்ளைக்கு அறிவுரை கூறவில்லை. வாலிபர்களின் கடமை என்று யாரும் ஒரு மணி நேரம் பேசவில்லை. பெரியவர்களின் உதடுகள் முதலில் விலகின. அதன் பின் பிள்ளையின் கை தானாகக் காலியாயிற்று. நம்முடைய முறையோ தலைகீழாக இருக்கிறது. நம் கையை நாம் பார்ப்பதில்லை. பிள்ளையின் கையைப் பிடித்து அடிக்கிறோம்.

இன்னொரு ஹதீஸும் நினைவுக்கு வந்தது. மதுவோடு தொடர்புடைய பத்துப் பேரை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்தார்கள். பிழிபவர், பிழியச் சொல்பவர், குடிப்பவர், சுமப்பவர், எவருக்காகச் சுமந்து வரப்படுகிறதோ அவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அதன் விலையை உண்பவர், வாங்குபவர், எவருக்காக வாங்கப்படுகிறதோ அவர். பத்துப் பேரில் குடிப்பவர் ஒருவரே. மீதி ஒன்பது பேரும் அது வந்து சேரும் பாதையில் நிற்பவர்கள். இன்று ஒரு பிள்ளையின் கைக்கு மது எத்தனை எளிதாகக் கிடைக்கிறது என்று நாம் வியக்கிறோமே, அந்தப் பாதையை அன்றே எண்ணிக் காட்டியிருக்கிறார்கள். பதினோராவது ஒருவரைச் சேர்க்க எனக்கு உரிமையில்லை. பார்த்தும் பாராமல் போனவன் அந்தப் பத்தில் இல்லையே என்று நிம்மதி கொள்ளவும் என்னால் முடியவில்லை.

மறுநாள் இஷாவுக்குப் பின் அவனுடைய அத்தாவைத் தனியே சந்தித்தேன்.

“தம்பி, உங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. என் குற்றத்தைச் சொல்ல வந்தேன்” என்று தொடங்கி, மின் கம்பத்தடியில் பார்த்ததையும் பேசாமல் வந்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் தலை குனிந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உடைந்த குரலில் சொன்னார்:

“நான் நின்றால் நான்கு பேர் பார்ப்பார்கள் என்றுதான் அவனை அனுப்பினேன், ஹஜ்ரத். அவன் நின்றதை அந்த நான்கு பேரும் பார்த்திருக்கிறார்கள். ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லையே!”

அந்த நால்வரில் நான் ஒருவன். என்னிடம் விடை இல்லை.

அவரை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு நானே அழைத்துப் போனேன். பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் வரக்கூடும் என்பதும், சிலருக்கு உயிராபத்தே நேரும் என்பதும், ஆகவே மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும் என்பதும் அங்கே தெரிந்தது. தௌபாச் செய்துவிட்டேன், இனிக் குடிக்க மாட்டேன் என்று வீட்டு அறைக்குள் தனியே போராடி விழுந்தவர்கள் நம்மில் எத்தனை பேரோ! தௌபாவும் வேண்டும், மருத்துவமும் வேண்டும். இரண்டாவதைத் தடுப்பது அதே வெட்கம்தான். எங்கே யார் பார்த்துவிடுவார்களோ என்று அந்த மருத்துவமனை வாசலிலும் அவர் தோளில் கிடந்த துண்டைத் தலைக்கு ஏற்றினார். ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்துக்கொண்டேன். சற்று நேரத்தில் தாமாகவே துண்டை இறக்கிவிட்டார்.

இதற்கிடையே செய்தி ஊரில் பரவிவிட்டது. ஜமாஅத் கூட்டத்தில் சிலர் அந்தப் பிள்ளையின் பெயரை ஜும்ஆவில் அறிவிக்க வேண்டும் என்றார்கள். மதரஸாப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும் என்றும் ஒருவர் சொன்னார். குடித்த குற்றத்துக்காக நாயகம் (ஸல்) அவர்கள் முன் கொண்டுவரப்பட்ட ஒருவரைச் சிலர் சபித்தபோது, உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணை போகாதீர்கள் என்னும் கருத்தில் அவர்கள் தடுத்ததை நான் எடுத்துச் சொன்னேன். குற்றம் குற்றமே; ஆனால் குற்றவாளியை நம் வாசலிலிருந்து தள்ளிவிட்டால் அவனுக்காகத் திறந்திருக்கும் வாசல் எது என்பதை யோசிக்க வேண்டாமா? “15 வயதுப் பிள்ளையின் பெயரை அறிவிப்பதானால், அவன் நின்றதைப் பார்த்தும் பேசாமல் போனவர்களின் பெயர்களையும் அறிவியுங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதுங்கள்” என்றேன். அதன் பின் அந்தப் பேச்சு எழவில்லை.

பள்ளியில் நான் தமிழும் கற்பிப்பவன். திருக்குறளில் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஈன்ற தாயின் முன்னேயே துன்பம் தருகின்ற அந்த மயக்கம் சான்றோர் முன்னே என்னவாகும் என்று வள்ளுவர் கேட்கும் குறளை அந்தப் பிள்ளை பிழையின்றி ஒப்பித்திருக்கிறான். நாயகத்தின் பிறந்த நாளன்று மதுக்கடை மூடப்படுகிறது. வள்ளுவர் நாளன்றும் மூடப்படுகிறது. அந்த மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனினும் ஆண்டில் ஒரு நாள் மூடும் கதவால் என் பிள்ளையைக் காக்க முடியவில்லை. மற்ற நாட்களில் அவனுக்கும் அதற்கும் இடையே நின்றிருக்க வேண்டிய கதவு நானும் அவனுடைய அத்தாவும்தான்.

ஆகவே குடும்பத்தாரிடம் வேண்டுவது இதுதான். எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை அந்தக் கடையின் திசைக்கு அனுப்பாதீர்கள். விருந்தாளிக்காக என்றாலும், அண்ணனுக்காக என்றாலும் வேண்டாம். அவன் பையும் அவன் சில்லறையும் அவன் கூட்டாளிகளும் எப்படி இருக்கிறார்கள் என்று நாள்தோறும் அன்போடு பாருங்கள். உங்கள் பிள்ளையைப் பற்றி யாரேனும் வந்து சொன்னால், சொன்னவர்மேல் சினம் கொள்ளாதீர்கள். அந்தச் சினத்துக்கு அஞ்சித்தான் பலர் வாய் திறப்பதில்லை. பிறர் பிள்ளையைப் பார்த்தால் நின்று பேசுங்கள். பார்ப்பவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும்.

அந்தப் பிள்ளை இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவனுடைய அத்தா ஒரு முறை தவறி விழுந்தார். மறுநாள் காலையில் தாமே என் வீட்டுக்கு வந்து சொன்னார். மீண்டும் மருத்துவரிடம் போனோம். அதன் பின் இதுவரை நலமாக இருக்கிறார். பிள்ளை பள்ளிவாசலுக்கு வருகிறான். பின் ஸஃப்பில் நின்று தொழுதுவிட்டு விரைந்து போய்விடுகிறான். 2025ஆம் ஆண்டு மீலாதுக் கூட்டத்திலும் அவன் கிராஅத் ஓதவில்லை. நான் வற்புறுத்தவில்லை. அவனுக்குள் இருக்கும் குரல் தானாகத் திரும்பி வரும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

சந்தைத் தெரு வழியே போகும்போது இப்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. எதிர்ச் சாரியில் புத்தகப் பையோடு யாரேனும் நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே போகிறேன். இரண்டு முறை நின்று பேசியிருக்கிறேன். இரண்டு பிள்ளைகளும் என்னோடு நடந்து வந்துவிட்டார்கள்.

நம் பிள்ளைகளின் கைகளையும், அவற்றுக்கு முன்பாக நம் கைகளையும் அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.